ஒரே கூண்டில் இரண்டு பாம்புகள்: ஏன் வேண்டாம், ஏற்கனவே வைத்திருந்தால் எப்படிப் பிரிப்பது

காலையில் கூண்டைத் திறக்கிறீர்கள். தரையில் பாதி செரித்த எலி ஒன்று நாற்றமடித்துக் கிடக்கிறது. உள்ளே இருப்பவை இரண்டு பாம்புகள். எது கக்கியது? இரண்டும் ஒரே மறைவிடத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கக்கிய பாம்புக்கு உடனே மறுபடி இரை வைக்கக் கூடாது. 10 முதல் 14 நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த இரையை வழக்கமான அளவில் பாதியாகக் குறைக்க வேண்டும். எது கக்கியது என்று தெரியாததால் நன்றாக இருக்கும் பாம்பையும் சேர்த்துப் பட்டினி போடுவீர்கள், அல்லது நோயுற்றதற்கும் சேர்த்து இரை வைப்பீர்கள்.

பாம்புகளைச் சேர்த்து வைப்பதில் உள்ள ஆபத்து என்றதும் கடி, சண்டை, ஒன்றை ஒன்று விழுங்குவது ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவையும் நடக்கும். ஆனால் அவற்றுக்கு முன்பே, முதல் நாளிலிருந்தே, பாம்பைக் கண்காணிக்கும் வழி உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. பாம்பு வலியில் கத்தாது, நொண்டாது. அதன் உடல்நிலையைச் சொல்பவை எச்சம், சட்டை, எடை, இரை எடுத்த நாள், எங்கே படுத்திருக்கிறது என்ற ஐந்து விஷயங்கள்தாம். இரண்டு பாம்பு ஒரே கூண்டில் இருந்தால், எடையைத் தவிர மற்ற நான்கும் கலங்கிப்போகும்.

“கட்டிப்பிடித்துத் தூங்குகின்றனவே?”

புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது இது. நியாயமான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

பாம்புகள் எதுவும் சேர்ந்திருக்காது என்பது சரியல்ல. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்துச் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் கார்ட்டர் பாம்புகள் (வட அமெரிக்கச் சிறு பாம்பு வகை) பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல், கார்ட்டர் குட்டிகள் குறிப்பிட்ட சில கூட்டாளிகளோடு சேர்ந்திருக்க விரும்புகின்றன என்று காட்டினார்கள். 2024-இல் அதே பல்கலைக்கழகத்தில், ஆறு ஆறாக 10 நாள் வைக்கப்பட்ட இளம் பால் பைத்தான்கள் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு), ஆளுக்கொரு மறைவிடம் இருந்தும் பெரும்பாலும் ஒரே மறைவிடத்தில் கூடிக்கொண்டன.

ஆனால் அந்த ஆய்வு சொல்வதை அதன் எல்லைக்குள் வைத்துப் படிக்க வேண்டும். சில நாட்களுக்கு, இளம் பாம்புகள், போதிய இடத்தில் ஒன்றையொன்று தேடின என்பதுதான் அதில் உள்ளது. ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டியில், ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில், ஒன்றின் ஒட்டுண்ணி மற்றதற்குத் தொற்றாமல் வளருமா என்று அது சோதிக்கவில்லை. வீட்டுக் கூண்டில் இடம் குறைவு. சூடான மூலை ஒன்றுதான் இருக்கும், மறைவிடமும் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தால் அது நட்பாகவும் இருக்கலாம், நல்ல இடத்துக்கான போட்டியாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வேறுபாடு தெரிய ஒரு வழி உண்டு. ஏழு நாள், காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் எந்தப் பாம்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒன்று எப்போதும் சூடான பக்கமும் மற்றது எப்போதும் குளிர்ந்த பக்கமும் இருந்தால், அல்லது ஒன்று எப்போதும் மேலேயும் மற்றது அடியிலேயும் கிடந்தால், இடத்தை ஒன்று பிடித்துக்கொண்டது என்று பொருள். குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளப்பட்ட பாம்பு இரையைச் செரிக்க முடியாமல் கக்கும், எடை கூடாது, சளிப் பிடிக்கும். இவ்வளவுக்கும் கூண்டில் ஒரு சண்டைகூட நடந்திருக்காது.

இரை நேரம்

உடனடி உயிராபத்து இங்கேதான். பாம்பு நாக்கை நீட்டி வாசனைத் துகள்களை வாயின் மேற்பகுதியில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோய்த்தான் இரையை அறிகிறது. எலி வாசனை கூண்டில் பரவிவிட்டால், அசையும் சூடான எதுவும் அதற்கு இரைதான். உங்கள் கையும், பக்கத்துப் பாம்பும் அதில் அடக்கம்.

ஒரே எலியை ஒன்று தலைப்பக்கமும் மற்றது வால்பக்கமும் பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பற்கள் எல்லாம் தொண்டையை நோக்கி உள்பக்கம் வளைந்தவை. மேல்தாடையின் வலப்பக்கம் சற்று முன்னே நகர்ந்து கவ்வும், பிறகு இடப்பக்கம் நகர்ந்து கவ்வும். இப்படித் தாடை இரையின்மேல் நடந்து நடந்துதான் விழுங்குகிறது. இரண்டு மூக்குகளும் எலியின் நடுவில் சந்திக்கும்போது எதுவும் நின்று யோசிப்பதில்லை. சற்றுப் பெரிய வாய் மற்றதன் முகவாயின்மேல் ஏறிவிடும். அதற்குப் பிறகு சின்னப் பாம்பும் இரையின் நீட்சிதான். விழுங்கிய பாம்பும் தப்பிவிடும் என்பதில்லை. தன் அளவே உள்ள உடல் வயிற்றுக்குள் போனால் மூச்சுத் திணறியோ, செரிக்காமல் அழுகியோ அதுவும் சாகலாம்.

இப்படி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. இழுக்காதீர்கள். இழுத்தால் பற்கள் முறிந்து மற்றதன் சதைக்குள் நிற்கும், தாடையும் பிசகும்.
2. இரண்டு வாய்களுக்கும் நடுவே எலி இன்னும் தெரிகிறதா? கூரான கத்தரிக்கோலால் எலியை நடுவில் வெட்டிவிடுங்கள். ஆளுக்குப் பாதி தின்று முடிக்கட்டும். இதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான்.
3. ஒரு வாய் மற்றதன் தலையைக் கவ்விவிட்டால், கவ்விய பாம்பின் தலைமேல் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிடுங்கள். ஒன்றை ஒன்று சுற்றியிருந்தால் வால் நுனியிலிருந்து பிரித்து வாருங்கள். தலைப்பக்கச் சுற்றைவிட வால் பக்கம் வலு குறைவு.
4. அப்படியும் விடாவிட்டால், பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் அல்லது ஹேண்ட் சானிடைசர் ஒரு சொட்டு, கவ்விய பாம்பின் வாயோரத்தில். கண்ணிலும் மூக்குத் துளையிலும் படக் கூடாது.
5. பிரிந்ததும் தனித்தனிப் பெட்டி. காயத்தை இளந்தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முறிந்த பல் உள்ளே நின்றால் ஒரு வாரத்தில் சீழ்க்கட்டி வரும்.

“இரை நேரத்தில் மட்டும் ஒன்றை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால்?” என்பார்கள். மாற்றாமல் இருப்பதைவிட மேல், ஆனால் போதாது. இரை எடுத்த 48 மணி நேரத்துக்குள் பாம்பைத் தூக்கி இடம் மாற்றினாலே கக்கக்கூடும். எலி வாசனை முகத்தில் ஒட்டியிருக்கும்போதே திரும்பக் கொண்டுவந்து விட்டால், மற்றது முகர்ந்து பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் வகைகளுக்குப் பிற பாம்புகள் இயல்பான உணவு. இரை வாசனையே தேவையில்லை, வயிறு நிறைந்திருந்தாலும் நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவின் வோமா பைத்தானும் கருந்தலைப் பைத்தானும் அப்படித்தான். இவற்றோடு எந்தப் பாம்பையும் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். கார்ன் ஸ்நேக் குட்டிகளும் எப்போதாவது உடன்பிறந்ததை விழுங்கியிருக்கின்றன. அதனால்தான் இனப்பெருக்கம் செய்பவர்கள் முட்டை பொரிந்ததும் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார்கள்.

தொற்று

ஒரு கூண்டு என்றால் ஒரே தண்ணீர், ஒரே தரை, ஒரே எச்சம். ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

எளிதில் தெரிவது பாம்பு மைட், பேன் போன்ற கறுப்புப் பூச்சி. கடுகைவிடச் சிறியது. கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியில் உள்ள பள்ளத்திலும் செதில்களுக்கு இடையிலும் ஒளிந்திருக்கும். ஈரமான வெள்ளை டிஷ்யூ தாளில் பாம்பை மெல்ல ஊரவிடுங்கள், கரும்புள்ளிகள் ஒட்டி நகர்ந்தால் மைட்தான். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கிடந்தாலும் அதேதான். ஒரு பெண் மைட் 60 முதல் 80 முட்டை வரை இடும், நல்ல சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். பாம்புமேல் இருப்பதைக் கொன்றால் போதாது, முட்டை கூண்டின் மூலைமுடுக்கில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் மோசம். கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற ஒட்டுண்ணி இரைப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும். இரை எடுத்த சில நாளில் கக்கல், உடலின் நடுவில் வீக்கம், எடை குறைதல். உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தொற்றிய பாம்பு அதைத் தொடர்ந்து வெளியேற்றாமல் விட்டுவிட்டு வெளியேற்றுவதால், ஒரு முறை சோதித்து இல்லை என்று வந்ததை வைத்து நிம்மதியடைய முடியாது. வீட்டு பிளீச்சுக்கும் அது சாகாது. நிடோவைரஸ் 2014-இல் பால் பைத்தான்களின் மூச்சு நோய்க்குக் காரணமாக அடையாளம் காணப்பட்டது: வாயில் கெட்டிச் சளி, வாயைத் திறந்து மூச்சு, தலையை மேலே தூக்கியபடி இருப்பது. ஐ.பி.டி. (Inclusion Body Disease) என்ற நோயைத் தரும் ரெப்டரீனா வைரஸைப் போவாக்கள் (மலைப்பாம்பு போன்ற இன்னொரு பெரும்பாம்பு வகை) வெளியே தெரியாமல் நெடுநாள் சுமக்கும். அதே வைரஸ் பைத்தானுக்குத் தொற்றினால் சீக்கிரமே நரம்புக் கோளாறு வந்து, கழுத்து முறுக்கி, மல்லாந்து விழுந்தால் திரும்ப முடியாமல் போகும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் போவாவைப் பைத்தானோடு ஒரே கூண்டில், ஏன், ஒரே இடுக்கியால் கையாளுவதுகூட ஆபத்து என்பது இதனால்தான்.

ஆமையோடும் சேர்க்க வேண்டாம். என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா பல ஆமைகளின் குடலில் தொந்தரவின்றி வாழும். பாம்பின் குடலையோ புண்ணாக்கிக் கொன்றுவிடும்.

ஆணும் பெண்ணும், ஆணும் ஆணும்

கடையில் சொன்ன பாலினத்தை நம்பி “இரண்டும் பெண்” என்று சேர்த்து வைத்தவர்களுக்கு முட்டை கிடைப்பது அரிதல்ல. வளர்ச்சி முடியாத பெண் கருவுற்றால் முட்டை வழியில் சிக்கிக்கொள்ளலாம்; அறுவை சிகிச்சை இல்லாமல் காப்பாற்ற முடியாமல் போகலாம். கார்ன் ஸ்நேக்குக்கு வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, பெண்ணுக்கு மூன்று வயது, 300 கிராம், மூன்றடி நீளம். அதற்கு முன் ஆணின் பக்கமே விடக் கூடாது. ஒரு முறை சேர்ந்தாலும் பெண் விந்தைப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட, உடலில் சேமித்து வைக்கும் என்பதால், பிரித்துவிட்டோம் என்றும் இருந்துவிட முடியாது.

இரண்டு பாம்புகள் நிமிர்ந்து பின்னிப் பிணைந்தால் சேர்க்கை என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அது இரண்டு ஆண்கள் ஒன்றை ஒன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்லுக்கட்டு. காட்டில் தோற்றது ஓடிவிடும். கண்ணாடிச் சுவருக்குள் எங்கே ஓடும்? கார்ப்பெட் பைத்தான் ஆண்கள் கடித்துக் கிழித்துக்கொள்ளும்.

வேறு வேறு வகைகள்

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60–75 சதவீதம். கார்ன் ஸ்நேக்குக்கு 28–30 டிகிரி, 40–60 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை வைத்தால் இரண்டுக்குமே சரியாக இருக்காது. ஒன்றுக்குச் சட்டை துண்டு துண்டாக உரியும், மற்றதற்கு வயிற்றுச் செதிலில் ஈரப்புண் வரும்.

கூண்டின் நடுவே தடுப்பு வைப்பதும் நல்ல வழியல்ல. சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைவரை உள்ள வெப்பச் சரிவு பாதியாகச் சுருங்கும், வாசனையும் மைட்டும் தாராளமாகக் கடக்கும், குட்டிப் பாம்பு தன் தலை நுழையும் இடுக்கு எதிலும் போய்விடும்.

இன்றே பிரிப்பது எப்படி

நல்ல கூண்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பூட்டுக் காதுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று சில மாதங்களுக்குத் தாராளமாகப் போதும். நீளமும் அகலமும் கூட்டினால் பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது: 60 செ.மீ. குட்டிக்கு 40×25 செ.மீ., 120 செ.மீ. பால் பைத்தானுக்கு 80×45 செ.மீ.

இரண்டு நீளப் பக்கங்களிலும் பத்துப் பன்னிரண்டு துளைகள். சால்டரிங் அயனைப் பெட்டியின் உள்ளிருந்து வெளியே குத்துங்கள், உருகிய கூர்விளிம்பு வெளிப்பக்கம் நிற்கும்; இல்லாவிட்டால் பாம்பு மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். வளர்ந்ததற்கு 5–6 மி.மீ., குட்டிக்கு 3 மி.மீ. துளை. புகை நச்சு, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிறகு பெட்டியைச் சோப்பால் கழுவிக் காயவையுங்கள்.

ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) பெட்டிக்கு அடியில், வெளியே, தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வையுங்கள். காற்றுப் போக நான்கு மூலையிலும் சிறு முட்டுக் கொடுங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் மேட்டைச் செருகவே கூடாது, வயிற்றைச் சுட்டுவிடும், பாம்பு அதை உணர்ந்து நகர்வதும் நிச்சயமில்லை. தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மேட்டின்மேல் டேப்பால் ஒட்டுங்கள். வேறொரு டிஜிட்டல் வெப்பமானியின் முனையை உள்ளே தரையில் வைத்து, அந்த அளவு சரியாகும்வரை தெர்மோஸ்டாட்டைக் கூட்டிக் குறையுங்கள். பாம்பு உள்ளே போகும் முன் ஓர் இரவு முழுக்க ஓடட்டும்.

தரைக்கு வெறும் கிச்சன் டவல் தாள். அழகில்லைதான், ஆனால் எச்சம், ரத்தம், மைட் எல்லாம் உடனே தெரியும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு மறைவிடங்கள். உடல் பக்கவாட்டில் உரசும் அளவு இறுக்கமாக இருந்தால்தான் பாம்புக்கு நிம்மதி. கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம்.

இரண்டில் எதை மாற்றுவது? நலிந்ததை, புதிதாக வந்ததை, குளிர்ந்த பக்கம் தள்ளப்பட்டதை. மாற்றும் அன்றே இரண்டையும் ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்து எழுதுங்கள். ஏழு நாள் தொடவும் வேண்டாம், இரை வைக்கவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். எட்டாம் நாள், உடலின் தடித்த பகுதியைவிடத் தடிக்காத இரை ஒன்று. பிறகு வாரம் ஒருமுறை எடை. முதல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

பிரித்தாலும் இரண்டையும் நோய் சந்தேகத்தில்தான் வைத்திருக்க வேண்டும். குறைந்தது 90 நாள், முடிந்தால் வேறு வேறு அறை. போவா, பைத்தான் என்றால் ஆறு மாதம் நல்லது. இந்தக் காலத்தில் மூன்று முறையாவது எச்சத்தைச் சோதனைக்குக் கொடுங்கள். வேலை வரிசை மாறக் கூடாது: நன்றாக இருப்பது முதலில், சந்தேகமுள்ளது கடைசியில். இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் தனித்தனி; வண்ண டேப் ஒட்டிக்கொண்டால் குழப்பம் வராது. நடுவில் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

பழைய கூண்டை முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள், அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறி, நன்றாக அலசி, வாசனை போகும்வரை வெயிலில். பிளீச்சோடு அம்மோனியா கலந்த எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். கிரிப்டோஸ்போரிடியம் சந்தேகம் இருந்தால் மரக்கட்டை, கார்க் பட்டை, தரைமண் எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். கூண்டுக்கு நீராவிச் சூடுதான் நம்பகமானது.

நிரந்தர வீடாக, வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கோ பால் பைத்தானுக்கோ ஒவ்வொன்றுக்கும் 120×60×60 செ.மீ. கூண்டு. இடமில்லையென்றால், இரண்டாவது பாம்பை வாங்காமல் இருப்பதே அந்த இரண்டுக்கும் நல்லது.

விதிவிலக்குகள்

இனப்பெருக்கத்துக்குச் சேர்ப்பது, 90 நாள் தனிமை முடிந்த, பாலினமும் எடையும் உறுதியான இரண்டை ஒன்றிரண்டு நாள் ஒன்றாக விட்டுப் பிரிப்பது மட்டுமே. அந்த நாட்களில் இரை வாசனையே கூடாது.

கார்ட்டர் பாம்புகளைக் குழுவாக வளர்ப்பவர்கள் உண்டு, அதற்கு அடிப்படையும் உண்டு. ஒரே இனம், ஒரே பாலினம், ஏறக்குறைய ஒரே அளவு, எல்லாம் தனிமைக் காலம் முடித்தவை. பாம்புகளின் எண்ணிக்கையைவிட ஒரு மறைவிடம் கூடுதல். சூடான இடம் ஒன்றுக்கு மேல். மீன் வாசனையில் இவை ஒன்றின் முகத்தை ஒன்று கவ்வுவது சாதாரணம். ஆகவே இரை நேரத்தில் ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில். தின்று முடித்ததும் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, அரைமணி கழித்து மெல்லத் திரும்ப விடுங்கள் (தூக்கி மாற்றினால் கக்கும் ஆபத்து இங்கும் உண்டு), விட்ட பிறகும் கால்மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஒன்று இரையை மறுத்தாலோ எடை இறங்கினாலோ அன்றைக்கே தனியாகப் போக வேண்டும். அதற்காகத் துளையிட்ட ஒரு காலிப் பெட்டி, ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தியபடி, எப்போதும் தயாராக இருக்கட்டும்.